ஃபைட்டர் பைலட் ஆகப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கேக்க ஆறுதலா வாசியுங்கோ. சாதாரணதரப் பெறுபேறு வந்த பிறகு வழமைபோல "அடுத்து என்ன படிக்கப் போறாய்" என்ற கேள்வி ஊரெல்லாம் ஓடுது. இந்த முறை எங்களிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் டொக்டர், எஞ்சினியர், கனடா என்ற வழமையான மூன்றையும் விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார்கள். ஃபைட்டர் பைலட். அதாவது விமானப்படை.

வல்வெட்டித்துறையில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் வகுப்பறை ஒரு நிமிடம் அமைதியாகிவிடும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. வீட்டிலும் அப்படித்தான். சில பெற்றோர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சிலர் எங்களிடம் வந்து "சேர், நீங்கள்தான் கதைச்சு மாத்தவேணும்" என்றார்கள். ஒரு அம்மா கோபத்தில் "இவனுக்கு வரலாறு படிப்பிக்கிறதே இல்லையோ" என்று எங்களையே கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆசை எங்கேயிருந்து வருகுது என்று பார்ப்போம். பறக்கிற ஆசை இந்த ஊருக்குப் புதிதில்லை. தைப்பொங்கல் அன்று பின்னேரம் எங்கட கடற்கரைக்கு வந்து பாருங்கோ. விண் பூட்டின பட்டம் கூவிக்கொண்டு நிற்கும். கப்பல், விமானம், பாம்பு, தேர் என்று ஆளுயரத்தை விடப் பெரிய பட்டங்கள் மூங்கிலிலும் தாளிலும் செய்து ஏற்றுகிறார்கள். காற்றில் எது நிற்கும், எங்கே பாரம் வைக்கவேணும், முச்சை எப்படிக் கட்டவேணும் என்பதைப் பத்து வயதுப் பெடியன் கைக்கணக்கில் சொல்லுவான். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு இளைஞன் பட்டக் கயிற்றோட மேலே தூக்கப்பட்டு ஆகாயத்தில் தொங்கின வீடியோவை உலகமே பார்த்தது. (பெற்றோர் அதைப் பார்த்துப் பயந்தார்கள், எங்கட பெடியள் "எத்தனை முழம் பட்டம் சேர்" என்று கேட்டார்கள்.) 1938இல் இங்கே கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் இந்த ஊர் மாலுமிகளோட அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. காற்றை நம்பிப் பிழைத்த ஊர் இது. இந்த மண்ணில் பிறந்த பிள்ளை விமானம் ஓட்ட ஆசைப்படுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் அதே வானம்தான் எங்களைப் பங்கருக்குள் இருத்தினது.

இன்றைக்குப் பதினாறு வயதாய் இருக்கிற பிள்ளைக்கு 2009 கூட நினைவில்லை. அவன் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிறான். அவனுடைய அம்மா அதே சத்தத்துக்கு இன்றைக்கும் கையில் இருப்பதை வைத்துவிட்டு ஒரு கணம் நிற்கிறா. பொம்மர், ஹெலி, சியாமாசெட்டி, சகடை, புக்காரா என்று நாங்கள் விமானங்களுக்குப் பேர் வைத்தது ஆசையினால் இல்லை. சத்தத்தை வைத்து எது வருகுது, எவ்வளவு நேரம் இருக்கு என்று கணக்குப் பார்க்கத்தான். 1995 ஜூலை 9 நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம். இடம்பெயர்ந்து அங்கே தங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சனம் விமானக் குண்டில் செத்தது. அதே வருடம் செப்டெம்பர் 22, எங்களுக்குக் கிட்ட, வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் மகாவித்தியாலயம். இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள், பள்ளிக்கூடச் சீருடையோட. ஆசிரியராக இருக்கிறவர்களுக்கு அந்தத் திகதி ஒரு திகதி மட்டும் இல்லை.

இதே வானத்திலிருந்து சாப்பாடும் விழுந்தது. 1987 ஜூன் 4, வடமராட்சி நடவடிக்கை நடந்து சில நாட்களில், இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோட வந்து யாழ்ப்பாணத்துக்கு மேல் சுமார் 25 தொன் உணவும் மருந்தும் போட்டன. அந்த நாடு அனுப்பின படையோட பிறகு இந்த ஊர் பட்ட பாடு வேறு கதை, அது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் சொல்லவருவது, ஒரே சீருடை போட்ட ஆட்கள் ஒரு நாள் அரிசி மூட்டையும் இன்னொரு நாள் வேறொன்றும் கொண்டு வரலாம். எதைக் கொண்டுபோவது என்பதை விமானி தீர்மானிப்பதில்லை. எங்கட பிள்ளைகளுக்கு முதலில் விளங்கவேண்டியது இதுதான்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. எங்கட பக்கத்திலும் பறந்தவர்கள் இருந்தார்கள். 2007 மார்ச் 26 கட்டுநாயக்காவில் தொடங்கின அந்தக் கதை 2009 பெப்ரவரி 20 இரவில் முடிந்தது. வன்னியிலிருந்து கிளம்பின இரண்டு சிறு விமானங்களில் ஒன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதினது, மற்றது கட்டுநாயக்கப் பக்கம் சுட்டு விழுத்தப்பட்டது. ஓட்டினவர்கள் திரும்பவில்லை, திரும்புவதற்காகப் போகவும் இல்லை. விழுந்த கட்டடத்தில் இருந்தவர்களும் மனிதர்கள்தான். அதைப் பெருமையாகச் சொல்பவர்களும் இங்கே உண்டு, சாபமாகச் சொல்பவர்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போட யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சமூகத்திலிருந்து திரும்பி வந்து உங்கட பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நாங்கள் அதற்குத் தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லுவோம். பறக்கத் தெரிந்த பிள்ளையைக் கண்டால் எல்லாப் பக்கத்துக்கும் கை நீளும். எல்லாப் பக்கமும் அந்தப் பிள்ளையிடம் "தியாகம்" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்லும்.

சரி, இனி தொழிலுக்கு வருவோம்.

கிடைக்கிறது என்ன? நேர்மையாகச் சொன்னால் நிறையக் கிடைக்கும். தனியார் பறப்புப் பாடசாலையில் வர்த்தக விமானி உரிமம் எடுக்கிறதென்றால் எங்கட ஊரில் அநேகமான குடும்பங்களுக்கு வீடு வளவை ஈடு வைத்தாலும் காணாது. விமானப்படை அதைத் தன் செலவில் படிப்பிக்குது. படிக்கேக்கயே சம்பளம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வழியாகப் போனால் பட்டமும் சேர்ந்து வரும். தியத்தலாவையில் அடிப்படைப் பயிற்சி, பிறகு திருகோணமலை சீனன்குடாவில் பறப்புப் பயிற்சி. சேவை முடித்து வெளியே வந்தவர்களில் பலர் பயணிகள் விமானம் ஓட்டி நல்ல நிலையில் இருக்கிறார்கள். பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் வழி திறந்திருக்கு. 2020 நவம்பரில்தான் இலங்கை விமானப்படையில் முதல் இரண்டு பெண் விமானிகள் சீனன்குடாவில் சிறகுச் சின்னம் குத்தினார்கள். 1951இல் தொடங்கின படைக்கு அதுக்கே கிட்டத்தட்ட எழுபது வருடம் எடுத்திருக்கு என்பதையும் கவனியுங்கோ.

பணத்தை விடப் பெரிய சம்பளம் ஒன்று இருக்கு, அதை நாங்கள் குறைத்து மதிப்பிடக்கூடாது. போன நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது கூரையில் நின்ற சனத்தைக் கயிற்றில் கட்டி ஏற்றினது யார்? ஹெலி ஓட்டினவர்கள். இலங்கை விமானப்படை, இந்தியாவிலிருந்து வந்தவர்கள், பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். ஏற்றப்பட்ட சனம் ஓட்டியின் இனத்தையும் மதத்தையும் கேட்கவில்லை, ஓட்டியும் கேட்கவில்லை. 600க்கும் மேற்பட்டோர் செத்த அந்த அனர்த்தத்தில் ஒரு ஹெலிக்குள் இருந்து ஒரு குழந்தையை வாங்கி மடியில் வைத்த ஆளுக்கு எந்த வங்கியில் எவ்வளவு இருந்தாலும் அதுக்கு ஈடாகாது.

அந்த ஹெலிகளில் ஒன்றுதான் நவம்பர் 30ஆம் திகதி லுணுவிலவில் ஜின் ஓயாவில் விழுந்தது. நிவாரண வேலையில் நின்ற பெல் 212. அதன் விமானி விங் கமாண்டர் நிர்மல் சியம்பலாபிட்டிய உயிரிழந்தார். கூட இருந்த மற்றவர்கள் தப்பினார்கள். அந்தச் செய்தியை எங்கட ஊரில் பலர் முகநூலில் பகிர்ந்து இரங்கல் எழுதியிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு முன்னம் இது நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

எதிரி இல்லாத காலத்திலேயே எத்தனை என்று எண்ணிப் பாருங்கோ. 2011 மார்ச் 1, விமானப்படையின் 60ஆவது ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்த இரண்டு கிபிர்கள் கம்பகாப் பக்கம் வானத்தில் மோதி ஒரு விமானி செத்தார். 2020 டிசம்பரில் கந்தளாய்ப் பக்கம் பயிற்சி விமானம் விழுந்து பயிலுநர் ஒருவர். 2023 ஓகஸ்ட் 7 சீனன்குடாவில் பிரி-6 விழுந்து இருவர். 2025 மார்ச்சில் வாரியப்பொலப் பக்கம் கே-8 விழுந்தது, இரண்டு பேரும் பரசூட்டில் தப்பினது அல்லாஹ்வின் கருணை. மே 9 மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் பெல் 212, ஆறு பேர். இதில் ஒன்றாவது யுத்தத்தில் நடந்தது இல்லை. பயிற்சி, ஒத்திகை, விழா, நிவாரணம். "யுத்தம்தான் முடிஞ்சுதே, இனி என்ன ஆபத்து" என்று சொல்லுகிற பிள்ளைக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கோ.

உடம்புக்கு வருவதையும் சொல்லவேணும், ஏனென்றால் சினிமாவில் அதைக் காட்டுவதில்லை. வேகமாகப் போகும் போர் விமானத்தை இறுக்கித் திருப்பும்போது உடம்பின் பாரம் ஒன்பது மடங்கு வரைக்கும் கூடும். 60 கிலோப் பெடியன் 540 கிலோவாகிறான். இரத்தம் மூளையிலிருந்து காலுக்கு இறங்கும். முதலில் நிறம் தெரியாமல் சாம்பலாகும், பிறகு பார்வை ஒடுங்கும், பிறகு மயக்கம். அதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் நெரிக்கிற உடுப்புப் போட்டு, மூச்சை அடக்கித் தசையை முறுக்கி இருக்கவேணும், அந்த நேரத்திலேயே விமானத்தையும் ஓட்டவேணும். கழுத்தும் முதுகும் காலத்துக்கும் நோகும். உயிர் தப்பக் கதிரையோட வெளியே பாயவேண்டி வந்தால் அந்த உதையில் முள்ளந்தண்டு உடைவது புதினமில்லை. மார்ட்டின் பேக்கர் என்ற கம்பனியின் கதிரைகள் இதுவரை 7,000க்கும் மேற்பட்ட விமானிகளைக் காப்பாற்றியிருக்கு. காப்பாற்றியது சந்தோசம். ஆனால் 7,000 தரம் விமானம் கைவிட்டிருக்கு என்பதும் அதே கணக்குத்தான்.

இனி அபிநந்தன். எங்கட பெடியளின் போனில் இருக்கிற மீசைக்காரர். தமிழ்நாட்டுத் தமிழ்ச் சமணக் குடும்பம், தகப்பனும் விமானப்படையில் ஏர் மார்ஷல். 2019 பெப்ரவரி 27 மிக்-21 விமானம் அடிபட்டுப் பாகிஸ்தான் பக்கம் இறங்கி, பிடிபட்டு, மார்ச் 1ஆம் திகதி வாகா எல்லையால் திரும்பி வந்தார். வீர் சக்ரா கிடைத்தது. அதே வருடம் மீண்டும் பறந்தார். நல்ல கதை, பெருமையான கதை. ஆனால் அதே நாள் காலையில் சிறிநகருக்குக் கிட்ட பட்காமில் ஒரு எம்ஐ-17 ஹெலி விழுந்து அதிலிருந்த ஆறு விமானப்படையினரும் கீழே நின்ற ஒரு பொதுமகனும் செத்தார்கள். சுட்டது எதிரி இல்லை. தங்கட பக்கத்து ஏவுகணை. அது பிழை என்று விமானப்படைத் தளபதியே அந்த ஒக்டோபரில் ஒப்புக்கொண்டார். அபிநந்தனின் மீசையை வைத்துக்கொண்ட பெடியள் எத்தனை பேர்? அந்த ஆறு பேரில் ஒருவரின் பேராவது யாருக்காவது தெரியுமா? படையில் சேருகிற பிள்ளை தான் அபிநந்தன் ஆவேன் என்று நினைத்துத்தான் சேருகிறது. அந்த ஹெலியில் ஏறினவர்களும் அப்படி நினைத்திருப்பார்கள்.

போன நவம்பர் 21 டுபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அன்று கண்காட்சி தொடர்ந்து நடந்தது. அவ்வளவுதான் சொல்லுவோம்.

எங்களுக்கு, ஆசிரியர்கள் என்ற வகையில், மனதில் நிற்கிற விமானி வேறு ஒருவர். குரூப் கப்டன் வருண் சிங். 2020இல் அவர் ஓட்டின தேஜஸ் ஆகாயத்தில் கட்டுப்பாட்டை இழந்தபோது பாய்ந்து தப்பியிருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விமானத்தோட நின்று மல்லுக்கட்டி அதை இறக்கினார். 2021 ஓகஸ்டில் சௌர்ய சக்ரா விருது. விருது கிடைத்த கையோட அடுத்த மாதம் அவர் செய்த வேலை, தான் படித்த பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினது. தான் படிப்பில் சாதாரண மாணவன், விளையாட்டிலும் பெரிய ஆளில்லை, தன்னால் ஏலாது என்று நம்பிக்கொண்டு இருந்தவன், எடுத்த ஒரு வேலையில் முழு மனதையும் வைத்த பிறகுதான் மாறினது என்று அதில் எழுதி, உங்கட பள்ளியில் இருக்கிற சாதாரணப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கோ என்று கேட்டிருந்தார். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 8, குன்னூருக்குக் கிட்ட நஞ்சப்பச்சத்திரத்தில் ஜெனரல் பிபின் ராவத் போன ஹெலி விழுந்தது. அதில் இருந்த 14 பேரில் உயிரோட எடுக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து போராடினவர் வருண் சிங். 15ஆம் திகதி அவரும் போய்விட்டார். அன்று அவர் விமானி ஆசனத்தில் கூட இருக்கவில்லை, ஒரு பயணியாகத்தான் இருந்தார்.

நாங்கள் அந்தக் கடிதத்தின் கருத்தைப் பத்தாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறோம். விமானி ஆகச் சொல்லி இல்லை. ஐம்பது மார்க்ஸ் எடுக்கிற பிள்ளை கேட்கவேண்டிய விசயம் அது.

விமானி ஆகாமல் போனவரும் ஒருவர் இருக்கிறார், கடலுக்கு அந்தப் பக்கம், இராமேஸ்வரத்தில் படகு கட்டினவரின் மகன். அப்துல் கலாம். சென்னையில் விமானப் பொறியியல் படித்து முடித்து விமானப்படைத் தேர்வுக்கு டெஹ்ராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவது. எடுத்தது எட்டுப் பேர். மனமுடைந்து ரிஷிகேஷ் வரைக்கும் நடந்துபோனவர் பிறகு என்ன ஆனார் என்பது உங்களுக்குத் தெரியும். 2012இல் யாழ்ப்பாணம் வந்து எங்கட பிள்ளைகளோட கதைத்தும் போனார். ஆனால் அந்த ஆசை சாகவில்லை. 2006 ஜூன் 8, இந்திய ஜனாதிபதியாக, 74 வயதில், புனே தளத்தில் சுகோய்-30 விமானத்தில் ஏறிப் பறந்தார். அரை மணித்தியாலத்துக்கு மேல். ஒன்பதாவதாக வந்தது அந்த மனிசனுக்கு எவ்வளவு நொந்திருக்கவேணும் என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அந்த எட்டுப் பேர் யார் என்று தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

இப்ப கஷ்டமான பகுதி. ஒரு பிள்ளை கெட்டித்தனமாக எங்களைக் கேட்டது: "சேர், கடலுக்குப் போறதும் ஆபத்துத்தானே, எங்கட அப்பப்பா கப்பலில போய்த் திரும்பேல்லை. ஆழிக்குமரன் ஆனந்தனும் செத்தவர்தானே?" உண்மை. பாக்கு நீரிணையை நீந்தி உலக சாதனைகள் செய்த எங்கட ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயில் போனார். இந்த ஊர்ப் பொம்பிளைகள் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கப் பழகினவர்கள். ஆபத்தைக் காட்டிப் பயப்படுத்த ஏலாது.

ஆனால் வித்தியாசம் ஒன்று இருக்கு. ஆனந்தன் பணயம் வைத்தது தன்னுடைய உயிரை. தண்டையல் பணயம் வைத்தது தன்னோட வந்தவர்களின் உயிரை, அவர்கள் சம்மதத்தோட. படை விமானியிடம் கேட்கப்படுவது தன் உயிர் மட்டும் இல்லை. கீழே இருக்கிற, அவன் ஒருநாளும் காணப்போகாத ஆட்களின் உயிரும். அதுவும் தன் தீர்மானத்தில் இல்லை, கட்டளையில். சம்பளம், சீருடை, விபத்து என்று எல்லாக் கணக்கையும் போடுகிற பெற்றோர் இந்த ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கட கருத்தில் இதுதான் உண்மையான விலை, மற்றதெல்லாம் சில்லறை.

அப்போ கட்டளையை மறுக்க ஏலாதா? மறுத்தவர்களும் உண்டு. 1968 மார்ச் 16, வியட்நாமில் மை லாய் என்ற கிராமம். அமெரிக்கப் படையினர் கிழவர்களையும் பொம்பிளைகளையும் குழந்தைகளையும் சுட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மேலே ஹெலியில் போன ஹியூ தொம்ஸன் என்ற 24 வயது அமெரிக்க விமானி அதைக் கண்டார். தன் ஹெலியைச் சனத்துக்கும் தன் படைக்கும் நடுவில் இறக்கினார். எங்கட ஆட்கள் இந்தச் சனத்தைச் சுட்டால் நீங்கள் எங்கட ஆட்களைச் சுடுங்கோ என்று தன்னோட வந்த இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு இறங்கிப்போய் மிஞ்சின சனத்தைக் காப்பாற்றினார். ஊர் திரும்பினபோது துரோகி என்றார்கள், மிரட்டல் கடிதம் வந்தது. நாடு அவருக்குப் பதக்கம் கொடுத்தது 1998இல். முப்பது வருடம். அப்படி ஒரு பிள்ளை எங்கட வகுப்பில் இருந்தால் அந்தப் பிள்ளை எந்தப் படையில் சேர்ந்தாலும் எங்களுக்குப் பயமில்லை. ஆனால் பதினாறு வயதில் யார் அப்படிப்பட்டவன் என்று எங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

அதோட எங்கட பிள்ளைக்கு மட்டும் வருகிற தனிச் சுமை இருக்கு. படைக்குள் நாள்முழுக்கச் சிங்களத்தில் வாழவேணும், தமிழ் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. அங்கே "வல்வெட்டித்துறையோ?" என்று ஒரு பார்வை. இங்கே விடுமுறைக்கு வந்தால் இன்னொரு பார்வை. முஸ்லிம் பிள்ளை போனால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு மூன்றாவது பார்வையும் சேரும். வலிகாமம் வடக்கில் காணி இன்னும் விடுபடாத குடும்பத்தில் ஒரு மச்சாள் இருப்பா, அவ அந்தச் சீருடையோட கதைப்பாவோ தெரியாது. மறுவளமாக யோசித்தால், எங்கட பிள்ளைகள் ஒருவரும் போகாத படை எப்பவும் "அவையின்ர" படையாகத்தான் இருக்கும் என்ற வாதமும் இருக்கு. எங்கட ஆசிரியர் அறையிலேயே இதுக்கு இரண்டு கட்சி. தேத்தண்ணி ஆறிப்போகும், வாதம் ஆறாது.

பெரும்பாலும் ஒத்துப்போகிற எங்கட நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். போகாதே என்று தடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. இந்த ஊரில் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எடுத்த தீர்மானங்கள் காணும். அதேமாதிரிப் போ என்று தள்ளவும் மாட்டோம். எந்த ஆட்சேர்ப்பு விளம்பரத்தையும் எங்கட பக்கத்தில் பகிரமாட்டோம். பறக்கிற ஆசைதான் பெரிதென்றால் படை இல்லாத வழிகளை முதலில் பாருங்கோ: விமானப் பராமரிப்பு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, வானிலை அவதானம். பலாலி இப்ப சர்வதேச விமான நிலையம், 2019இலிருந்து. அங்கே வேலை செய்யவும் ஆட்கள் வேணும். இல்லை, படைதான் என்று பிள்ளை உறுதியாக நின்றால், நவாலியையும் நாகர்கோவிலையும் தெரிந்துகொண்டு போகட்டும். தெரியாமல் போகிற பிள்ளையை விடத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை நல்ல விமானியாக இருக்கும் என்று நாங்கள் நம்புகிறோம். அப்படிப் போகிற பிள்ளையை ஊர் தள்ளி வைக்கக்கூடாது. பின்னூட்டத்தில் துரோகி என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கோ, அழித்துவிடுவோம்.

பெற்றோருக்கு ஒரு நடைமுறை விசயம். படையோ பயணிகள் விமானமோ, விமானியாக எடுப்பதற்குக் கண் பார்வை முக்கியம், நிறக்குருடு இருந்தால் சரிவராது. அது பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம், ஆம்பிளைப் பிள்ளைகளில் கூடுதல். உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு எடுத்து மூன்று வருடம் ஆசையை வளர்த்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தால் தாங்காது. மந்திகை ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் இப்பவே ஒருக்கால் காட்டிப் பாருங்கோ. கையெழுத்து வைத்த பிறகு நினைத்த நேரம் விட்டுவிட்டு வர ஏலாது, பிணைப் பணம் இருக்கு, அந்தப் பத்திரத்தைத் தமிழில் வாசித்து விளங்கின பிறகு ஒப்பமிடுங்கோ. விளங்காவிட்டால் கொண்டு வாங்கோ, வாசித்துச் சொல்லுகிறோம். பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணி வரைக்கும் நாங்கள் ஆசிரியர் அறையில்தான் இருப்போம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, பிள்ளை இல்லாமல் பிள்ளையைப் பற்றிக் கதைக்கமாட்டோம்.